லெப்ட் அவுட்டின் தகப்பன் பெயர்

அருணை ஐக்கியக் கால்பந்தாட்டக் கழகத்துக்கு ஒரு தலைவர், ஒரு கௌரவத் தலைவர், மூன்று துணைத் தலைவர்கள், ஒரு செயலாளர், இரண்டு இணைச் செயலாளர்கள், ஒரு பொருளாளர், ஆறு புரவலர்கள், நான்கு ஆலோசகர்கள் ஆக மொத்தம் பத்தொன்பது பேர் இருந்தார்கள். இவர்கள் போக ஒரு பந்தும் இருந்தது.

செயலாளர் இராமலிங்கம் தேரடிப் பக்கம் சரோஜா அச்சகம் வைத்திருந்தார். சரோஜா அவர் மனைவி. சொந்த அச்சகம் இருந்ததால் கழகத்தின் கடிதத்தாளில் பத்தொன்பது பெயர்களும் பட்டங்களோடு இரண்டு வண்ணத்தில் இருந்தன. பெயர்கள் முக்கால்வாசிப் பக்கத்தை அடைத்துக்கொண்டதால் எந்தக் கடிதத்தையும் கால் பக்கத்தில் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. பந்து ஆடுகிறவர்களின் பெயர்களுக்கு இடம் இல்லை. அவர்களும் கேட்டதில்லை.

எழுபத்தொன்றில் கழகம் தொடங்கியபோது உறுப்பினர் அட்டை ஐந்நூறு அடித்தார். மாதம் ஒரு ரூபாய் சந்தா. நீலத் தடி அட்டை, நடுவில் மலை, மலைமேல் பந்து. ஏழு வருஷம் கழித்தும் கட்டுப் பிரிக்காத அட்டைகள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. பீரோவின் ஒரு கால் ஆடியபோது சரோஜா நாலு அட்டையை உருவி முட்டுக் கொடுத்தாள்.

"நல்லா கெட்டியா இருக்குதுங்க. இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்" என்றாள். கழகத்தைச் சொன்னாளா பீரோவைச் சொன்னாளா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊரில் கால்பந்து பார்க்க ஆள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கோடையில் ஏரி வற்றியதும் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கும். கரை முழுக்கத் தலை. புளியமரத்தில் இலையைவிட ஆள் ஜாஸ்தி. வேர்க்கடலை விற்கிறவள் இரண்டு கூடை காலி பண்ணிவிட்டுப் போவாள். இராமலிங்கம் ஒருமுறை பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்தார். அங்கே ஒரு நாற்காலிகூடப் போடாததைக் கண்டு, அதை ஆட்டக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தார்.

கழகத்தின் ஆட்டத்துக்கு நாற்காலி போட்டார்கள். சால்வை போட்டார்கள். நாலு மணி ஆட்டத்தை ஐந்தே காலுக்குத் தொடங்கினார்கள். பார்க்க வந்தவன் முதல் புரவலர் பேசும்போது உட்கார்ந்தான், மூன்றாவது புரவலர் பேசும்போது எழுந்தான், ஆறாவது புரவலருக்கு எதிரில் ஆடுகள்தாம் இருந்தன.

வேலூரில் இருந்த மாவட்டச் சங்கத்துக்கு வருஷா வருஷம் அறிக்கை அனுப்ப வேண்டும். சந்தா கட்டும் உறுப்பினர் எத்தனை பேர், சராசரிப் பார்வையாளர் எத்தனை பேர் என்று அதில் இரண்டு கட்டம். முதல் வருஷம் இராமலிங்கம் நாற்பது என்று போட்டார். அது உண்மை இல்லை, ஆனால் சின்னப் பொய்யாக இருந்தது. பிள்ளைக்கு வயசு ஏறுகிற மாதிரி எண்ணும் ஏறிக்கொண்டே வந்தது. எழுபத்தெட்டில் உறுப்பினர் முந்நூற்றுப் பன்னிரண்டு, பார்வையாளர் எண்ணூறு. ஐந்நூறு அட்டை அடித்தவர் என்பதால் இன்னும் நூற்றெண்பத்தெட்டு வரைக்கும் போகலாம் என்ற நிம்மதி அவருக்கு இருந்தது.

அந்த ஐப்பசியில் வேலூரிலிருந்து பதில் வந்தது. லீக்கில் கிளப்புகள் அதிகமாகிவிட்டன, சிலவற்றை நீக்கப்போகிறார்கள். சங்கத்தின் மேற்பார்வையாளர் சர்தார் சாயபு நேரில் வந்து ஓர் ஆட்டம் பார்ப்பார். அறிக்கையில் உள்ளபடி உறுப்பினரும் கூட்டமும் இருந்தால் கழகம் லீக்கில் இருக்கும். இல்லாவிட்டால் இந்த வருஷத்தோடு சரி.

அன்று சாயங்காலமே ரைஸ்மில்லில் கமிட்டி கூடியது. தலைவர் அப்பாதுரையின் மில் அது. அவர் ஏழு வருஷமாகத் தலைவர். ஒரு முழு ஆட்டம் பார்த்ததில்லை.

"எண்ணூறு பேர எங்கய்யா புடிக்கிறது? என் மில்லுல மொத்தமே பதினாறு ஆளு" என்றார் அப்பாதுரை.

இராமலிங்கம் தொண்டையைச் செருமினார். யோசனை அவருக்கு மதியமே வந்துவிட்டது, சபை கூடட்டும் என்று வைத்திருந்தார். "தீபத்தன்னிக்கு வெச்சிடலாங்க. ஊருக்கு லட்சம் பேரு வராங்க. அதுல ஆயிரம் பேரு நம்ம தட்டிக்குள்ள வரமாட்டாங்களா? நம்ம திடல்லேர்ந்து மலையுச்சி பளிச்சுனு தெரியும். அம்பது பைசா டிக்கெட்டு. உக்காந்துக்கினு ஆட்டத்தையும் பாக்கலாம், தீபத்தையும் பாக்கலாம்."

சபை அசந்துபோயிற்று. ஒரு புரவலர் கை தட்டினார்.

கதவோரம் நின்றிருந்த ஜானி பாஷா மட்டும் தட்டவில்லை. மெத்தைக் கடைக்காரன், பஞ்சு கொட்டுகிறவன், கழகத்தின் சென்டர் பார்வர்ட். தலைமுடியில் எப்போதும் நாலு இழை பஞ்சு இருக்கும்.

"கார்த்திகைல ஆறுக்கெல்லாம் இருட்டிடும் சார். நாலுக்கு ஆரம்பிச்சாத்தான் ஆச்சு."

"நோட்டீஸ்ல நாலுனுதாம்பா போடப் போறேன்."

"போடுவீங்க சார், அது தெரியும். ஆரம்பிக்கணும்."

அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அடுத்த விஷயம் மேடை. பெரிய மனிதர்களை மேற்கே உட்கார வைத்து வெயிலை முதுகுக்குக் கொடுப்பதுதான் வழக்கம். அப்பாதுரை ஒத்துக்கொள்ளவில்லை.

"மேற்கால உக்காந்தா மலை முதுகுக்குப் பின்னால போயிடும். எனக்குக் கழுத்துவலி, திரும்ப முடியாது. கெழக்கால போடு. நேரா பாத்துக்கினு கும்புட்டுக்கறேன்."

மேடை கிழக்கே போனதால், டிக்கெட் வாங்குகிற ஜனம் மேற்கே, எட்டடி உயர ஓலைத் தட்டியை ஒட்டி, மலைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டியதாயிற்று. அதைக் கவனிக்க அந்தச் சபையில் ஆள் இல்லை. இராமலிங்கம் டிக்கெட்டில் கால்பந்தாட்டம் என்று பெரிய எழுத்திலும், தீபம் நன்கு தெரியும் என்று பொடி எழுத்திலும் அச்சுக் கோத்தார். பொடி எழுத்துதான் விற்றது.

தீபத்தன்று மூன்றரை மணிக்கே திடல் நிறைந்துவிட்டது. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் சேற்றில் மில்லிலிருந்து வந்த உமியைக் கொட்டியிருந்தார்கள். வாசலில் பொருளாளரின் மச்சான் நின்று, "உக்காந்துக்கினு தீபம் பாக்கலாம் வாங்க, உக்காந்துக்கினு தீபம்" என்று கூவினான். பந்தைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. சோற்று மூட்டை, கைக்குழந்தை, சொம்புத் தண்ணீர் என்று குடும்பம் குடும்பமாக உள்ளே போனார்கள். இராமலிங்கம் அறுநூறு வரை எண்ணினார், அதற்கு மேல் கண் கலங்கியது. அறிக்கையில் போட்ட எண்ணூறு கூட்டிச் சொன்ன எண் இல்லை, குறைத்துச் சொன்னது என்றே அவருக்குத் தோன்றியது.

ஆரணியிலிருந்து எதிரணி வந்து உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றது. சர்தார் சாயபுதான் வரவில்லை. அவர் காரில் வருவார் என்று இராமலிங்கம் ரோஜா மாலையோடு வாசலிலேயே நின்றார்.

நாலு அடித்ததும் ஒரு கிழவர் பக்கத்தில் வந்து நின்றார். ஒல்லியான ஆள், வெளுத்துப்போன குல்லா, கையில் மஞ்சள் பை. டிக்கெட்டைக் காட்டி, "நாலு ஆயிடுச்சே. ஆட்டம் ஆரம்பிக்கலிங்களா?" என்றார்.

"சீப் கெஸ்ட் வரணும் சாய்பு."

"ரெண்டு டீமும் நிக்குதே."

"டீமு நிக்கும். டீமு எங்க போவப்போவுது? நீங்க போயி எடம் புடிங்க. அப்புறம் தீபம் தெரியலனு எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"நான் ஆட்டம் பாக்கத்தான் வந்தேன்."

இராமலிங்கம் பொருளாளரின் மச்சானைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஆயிரம் பேர்ல ஒருத்தரு மாட்டினாருடா."

கிழவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

நாலரை ஆயிற்று. ஜானி பாஷா வாசலுக்கு ஓடி வந்து, "சார், வெளிச்சம் போவுது" என்றான். "மாலைய வாடவிட்டு ஆட்டத்த ஆரம்பிக்கச் சொல்றியா?" என்று அவனைத் திருப்பி அனுப்பினார். ஐந்துக்கு, வந்த கூட்டத்தை வீணாக்க வேண்டாமென்று தலைவர் பேசத் தொடங்கினார். இரண்டு துணைத் தலைவர்கள் அவரைப் பாராட்டிப் பேசினார்கள். பந்தைத் தாம்பாளத்தில் வைத்து, சந்தனப் பொட்டு இட்டு, கற்பூரம் காட்டினார்கள். ஜானி பாஷா பந்தை வாங்கிப் பொட்டைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். விசில் ஊதியபோது மணி ஐந்து இருபத்தைந்து. மாலை இன்னும் இராமலிங்கத்தின் கையில்தான் இருந்தது.

பத்து நிமிஷம் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பிறகு மேற்குப் பக்கம் ஒரு வரிசை ஜனம் திரும்பி உட்கார்ந்தது. மலை அந்தப் பக்கம் இருந்தது. திரும்பியவர்களுக்குத் தட்டிதான் தெரிந்தது.

"தீபம் தெரியும்னுதானே போட்டிருந்தான், ஓலை தெரியும்னா போட்டிருந்தான்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எழுந்திரு. கொஞ்சம் பின்னால போனா தெரியும்."

எழுந்தார்கள். முகத்தை மலைக்குக் காட்டியபடி, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தார்கள். பின்னால் இருந்தது மைதானம். சுண்ணாம்புக் கோட்டை முதல் வரிசை முதுகுகளாலேயே தாண்டியது. நேராகப் பார்க்காமல் முன்னேறுகிற ஒரு சேனையை இராமலிங்கம் அன்றுதான் பார்த்தார். ஆட்டக்காரர்கள் முதுகுகளுக்கு நடுவே பந்தை ஓட்டினார்கள். "கொஞ்சம் நவுருமா" என்று கெஞ்சிய ஆரணி ஆளிடம், "காசு குடுத்து வந்திருக்கோம், நீ வேணும்னா அப்பால போயி வெளையாடு" என்று ஒருத்தி திரும்பாமலே சொன்னாள்.

இராமலிங்கம் மேடையைப் பார்த்தார். கிழக்கே பத்தொன்பது நாற்காலி. ஒன்று அவருடையது, காலி. மற்றப் பதினெட்டுப் பேரும் மலையை நேரே பார்த்து வசதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

மணி ஆறு. உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் எழுந்தது. அரோகரா என்று திடல் ஒரே குரலாக அதிர்ந்தது. மாலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இராமலிங்கமும் கைகூப்பினார். என்ன வேண்டிக்கொண்டார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கார் வரக் கூடாது என்றுதான்.

சத்தம் அடங்கியதும் திடலின் வடக்கு மூலையிலிருந்து ஒரே ஒருவர் கை தட்டுவது கேட்டது. நிதானமாக, விடாமல். இராமலிங்கம் திரும்பிப் பார்த்தார். குல்லா போட்ட கிழவர் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று தட்டிக்கொண்டிருந்தார். பந்து கம்பங்களுக்கு உள்ளே கிடந்தது. ரெப்ரி இன்னும் மலையைப் பார்த்து நின்றார். அவர் பார்க்காத கோலுக்கு அவர் விசில் ஊதவில்லை. இருட்டிவிட்டதென்று ஆட்டம் முடிந்ததற்குத்தான் ஊதினார்.

கிழவர் ஜனத்தை விலக்கிக்கொண்டு நேரே தன்னிடம் வருவதைப் பார்த்ததும் இராமலிங்கம் முந்திக்கொண்டார். "காசு வாபஸ்லாம் கெடையாது சாய்பு. தீபம் தெரிஞ்சுதில்ல?"

"காசு கேக்க வரலீங்க." கிழவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முக்கால் பக்கம் பெயர்கள் இருந்த தாள், இரண்டு வண்ணம். "இது உங்க கடுதாசிதானே? நான் சர்தார். நாலு மணினு போட்டிருந்தீங்க. நாலு மணிக்கு வந்துட்டேன்."

கக்கத்து மாலை ஒரு கணம் இராமலிங்கத்தின் கைக்கு வந்தது. அதை அப்போது அவருக்குப் போடுவதா, எங்கேயாவது எறிவதா என்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஐயா, நான்... கார்ல வருவீங்கன்னு..."

"பஸ்ஸுல வந்தேன். அத வுடுங்க. அந்த கோல பாத்தீங்களா?"

"இல்லீங்க" என்றார் இராமலிங்கம். ஏழு வருஷத்தில் அவர் சங்கத்துக்குச் சொன்ன முதல் உண்மை அது.

"ஆரணி கீப்பரு கைகூப்பிக்கினு திரும்பி நிக்கிறான். உங்க பையன் பந்த கால்ல அமுக்கிக்கினு அவன் திரும்பற வரைக்கும் நின்னான். கீப்பரு வந்து குனிஞ்ச பொறவுதான் அடிச்சான். நாப்பது வருஷமா பந்து பாக்கறேன்." அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "பேரு என்ன அவனுக்கு?"

"ஜானி பாஷாங்க."

"அவனுக்கு அந்தக் கூட்டத்துக்குள்ள அவ்ளோ அழகா பந்து குடுத்தானே, அவன்?"

"அவன் லெப்ட் அவுட்டுங்க."

"பேரு?"

இராமலிங்கம் வாயைத் திறந்தார். கௌரவத் தலைவரில் தொடங்கி நாலாவது ஆலோசகர் வரை பட்டத்தோடு வரிசையாக நாக்கில் வந்து நின்றார்கள். லெப்ட் அவுட் வரவில்லை.

"கோல் கீப்பரு பேரு?"

உமியும் சேறும் செருப்பில் அப்பியிருந்ததை இராமலிங்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பக்கத்துல உக்காந்த அம்மாவ கேட்டேன், உங்க ஊரு டீமு எதும்மானு. ‘ஆட்டம்கூட இருக்குதா’னு என்னையே கேட்டாங்க." சர்தார் சாயபு சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் இராமலிங்கத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "செவ்வாக்கெழம கமிட்டி. நான் ஒண்ணும் எழுதப் போறதில்ல. நீங்க எழுதுங்க. ஆடற பதினோரு பேரு, தகப்பன் பேரு, தெரு. சந்தா குடுக்கறவங்க நெஜமா யாரு யாருனு தனியா ஒரு பட்டியல். கைப்பட எழுதுங்க, அச்சடிக்க வேணாம். அத வெச்சுத்தான் கிளப்பு இருக்கறதா வேணாமானு பேசுவோம்."

பிறகு அவர் வடக்கே நடந்து, ஜானி பாஷாவின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். மேடையிலிருந்து அப்பாதுரை, "என்னய்யா, வரவே இல்லியா அந்த ஆளு?" என்று கத்தினார்.

மறுநாள் காலை இராமலிங்கம் மெத்தைக் கடைக்குப் போனார். ஜானி பாஷா வில்லால் பஞ்சு கொட்டிக்கொண்டிருந்தான். அறை முழுக்க வெள்ளையாகப் பறந்தது. அவர் வாசலிலேயே நின்று தாளை நீட்டினார்.

"உள்ள வாங்க சார். என்னது?"

"பேரு வேணும்பா. நம்ம பசங்க பேரு."

வில் நின்றது. அவன் வில்லைச் சுவரில் சாய்த்தான். ஒவ்வொரு பெயராகச் சொன்னான், அவர் எழுதினார். கீப்பர் பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கிறவன். ரைட் பேக் ஆசிரமத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் துணி துவைக்கிறவன். சிலருக்குத் தகப்பன் பெயர் அவனுக்கே தெரியவில்லை, நேரில் கேட்டுக்கொள்ளச் சொன்னான்.

"இன்னொரு பட்டியல் இருக்குது. சந்தா குடுக்கறவங்க. நம்ம தலைவரு..." இராமலிங்கம் தயங்கினார். "அவரு குடுத்ததில்ல. மத்தவங்களும் இல்ல. நானும், நெசத்த சொல்லணும்னா, அச்சுக்கூலில கழிச்சுக்கலாம்னு இருந்துட்டேன். அப்ப யாரையும் எழுத முடியாது போலருக்குது."

ஜானி பாஷா அவரை ஒரு மாதிரி பார்த்தான். "பின்ன பந்து எங்கேர்ந்து சார் வருது? வருஷத்துக்கு ரெண்டு பந்து கிழியுது."

"கமிட்டி..."

"கமிட்டி தேங்கா ஒடைக்குது சார். பந்து நாங்க வாங்கறோம். ஆளுக்கு மாசம் ஒரு ரூவா. ஏழு வருஷமா எங்கிட்டதான் குடுக்கறாங்க. அந்தக் கையில இருக்கற பட்டியலையே திரும்ப எழுதிக்குங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

பஞ்சு அவர் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அதைக் கழற்றித் துடைத்தார். அட்டைகள் ஞாபகம் வந்தன. கட்டிலுக்கு அடியில் ஐந்நூறு. இந்தப் பதினோரு பேருக்கு ஒன்றுகூடக் கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

"பதினொண்ணாவது ஆளு யாரு? லெப்ட் அவுட்டு?"

"சகாதேவன் சார்."

"எந்த சகாதேவன்?"

"என்ன சார் இப்படி கேக்கறீங்க? உங்க பிரஸ்ஸுல பேப்பர் பண்டல் எறக்குறானே, அந்த சகாதேவன்."

இராமலிங்கம் தாளை மடித்துக்கொண்டு புறப்பட்டார். படியிறங்கும்போது ஜானி பாஷா, "மெத்தைக்கு ஆர்டர் இருந்தாலும் சொல்லுங்க சார்" என்றான். அவருடைய முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று சொன்ன மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் வேலூரிலிருந்து ஒரு கார்டு வரும். கழகத்துக்கு லீக்கில் இன்னும் ஒரு வருஷம் ஆயுள் தந்திருப்பதாக அதில் இருக்கும். கார்டு செயலாளருக்கு வராது, மெத்தைக் கடை விலாசத்துக்கு வரும். அதெல்லாம் பிறகு. அன்று பதினொரு மணிக்கு அச்சகத்தின் முன்னால் காகித வண்டி வந்து நின்றது.

ஒவ்வொரு வாரமும் வருகிற வண்டிதான். மெலிந்த ஓர் ஆள் பண்டலைத் தோளில் ஏற்றி, குறுகலான நடையில் எதிலும் இடிக்காமல் வளைந்து வந்து இறக்கினான். நேற்று முதுகுகளுக்கு நடுவே பந்து வந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். இராமலிங்கம் அதைப் பார்த்ததில்லை. இவ்வளவு நாளும் அவனை, "டேய், பாத்து, ஓரம் மடங்கிடப்போவுது" என்பதற்கு மேல் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் முழங்காலில் உமி ஒட்டிக் காய்ந்திருந்தது.

"சகாதேவன்" என்றார்.

அவன் கடைசிப் பண்டலோடு நின்றான். அந்தக் குரலில் அந்தப் பெயரை அவன் கேட்டதில்லை.

"உங்கப்பா பேரு என்னப்பா? எந்தத் தெரு?"

அவன் பண்டலைக் கீழே வைத்தான். இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொண்டான். கம்போசிங் அறையை ஒரு பார்வை பார்த்தான், மேசை இழுப்பறையை ஒரு பார்வை பார்த்தான்.

"எதுக்குங்க?" என்றான் மெதுவாக. "எதுனா காணாம போயிடுச்சுங்களா?"